தலைகீழாக வந்த தெரு

அக்கா,

இன்று காலை பால் வாங்கப் போனபோது எங்கள் தெருமுனையில் ஒருவர் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து மைதாப் பசையின் வாசனை எழுந்தது. வெந்த மாவோடு, பூச்சி அரிக்காமலிருக்கப் போட்ட துத்தமும் கலந்த வாசனை. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "என்னா சார், தெரிஞ்சவுங்களா?" என்று இரக்கத்தோடு கேட்டார். அது ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்பதையே அப்போதுதான் கவனித்தேன். "இல்லைங்க, பசை வாசன" என்று உள்ளதைச் சொன்னேன். சொன்ன பிறகு எதற்குச் சொன்னோம் என்று கூச்சமாகிவிட்டது. அவர் வாளியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பால் பாக்கெட்டை அடுப்படியில் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இல்லாதவர்களுக்குக் கடிதம் எழுதுவது சரிதானா என்று தெரியவில்லை. நீ இருந்தால், "எழுதறதுன்னா எழுதுடா, அதுக்கு ஒரு முன்னுரை வேறயா" என்றிருப்பாய். எழுதுகிறேன்.

நீ வெயிலிலேயே வாழ்ந்தவள். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்த காலமெல்லாம் குடையோ தொப்பியோ பிடித்து நான் பார்த்ததில்லை. கழுத்தில் விசில், காலில் வெள்ளை ஷூ, மைதானத்தின் நடுவில் நீ. நான் நேர் எதிர். கல்லூரியில் இயற்பியல் நடத்திய வருடங்களிலும் மரத்தடி மரத்தடியாகப் பார்த்து நடந்து போகிறவன். நம் இருவரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள், எனக்குத் தம்பியாக நீயும் உனக்கு அக்காவாக நானும் பிறந்திருக்க வேண்டும் என்று கேலி செய்வார்கள். நீயும் சிரிப்பாய்.

நீ ஓய்வுபெற்றுப் பல வருடம் கழித்து, ஓர் ஐப்பசி மழையில் உன் இரண்டு கண்களும் சிவந்தன. மெட்ராஸ் ஐ என்று நினைத்து விட்டுவிட்டாய். எதிர்வீட்டு ஷமீமா தினமும் நந்தியாவட்டைப் பூப் பறித்துவந்து, உன்னைப் படுக்கவைத்து இமைமேல் வைத்தாள். பூ குளிர்ந்தது; கண் குளிரவில்லை. புதுச்சேரியில் பார்த்த கண் மருத்துவர், இது வெளியில் வந்த சிவப்பு இல்லை, கண்ணுக்குள்ளேயே அழற்சி என்றார். கண்பாவையை விரித்தே வைத்திருக்கும் சொட்டு மருந்து கொடுத்தார். விரிந்த பாவைக்கு வெளிச்சத்தைத் தடுக்கத் தெரியாது. ஏற்கெனவே வெந்துகிடந்த கண்ணில் பகல் வெளிச்சம் முழுவதும் கொட்டியது. சாமிக்கு ஏற்றிய விளக்குகூட உனக்கு ஊசியாகக் குத்தியது. ஷமீமா எனக்குப் போன் செய்தாள். "சார், டீச்சரக்கா பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவுல போயி உக்காந்திருக்காங்க. நீங்க வாங்க" என்றாள்.

சிதம்பரத்திலிருந்து ஒரு பையோடு திருப்பாதிரிப்புலியூரில் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை, எதையும் முறையாகச் செய்வது. உன் அறையின் வடக்குச் சன்னலின் கண்ணாடிக் கதவுகளைச் சாத்தி, உள்பக்கம் முதலில் செய்தித்தாள், அதன்மேல் பழுப்புத்தாள், அதன்மேல் கறுப்பு சார்ட் தாள் என்று ஒட்டினேன். கதவிடுக்கில் துணி செருகினேன். மைதாப் பசையை நானே காய்ச்சினேன். துத்தம் போடவில்லை. அது விஷமாயிற்றே, அதன் நெடி உன் கண்ணுக்கு ஆகாமல் போய்விட்டால் என்ற பயம். பசையில் துத்தம் போடாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

அப்படித்தான் நாம் இருட்டில் வாழ ஆரம்பித்தோம். அந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இருட்டில் ஏன் கிசுகிசுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. நீ மட்டும் மைதானக் குரலிலேயே பேசினாய். ஷமீமா கஞ்சி கொண்டுவந்து மெதுவாக, "டீச்சரக்கா, தூங்குறீங்களா?" என்பாள். "தூங்குறவ கிட்ட கேட்டா எப்படிடி பதில் சொல்லுவா?" என்று நீ அதட்டுவாய். இருட்டில் கஞ்சி அவள் கையிலேயே தளும்பும்.

கார்த்திகை போனது, மார்கழியும் போனது. தை பிறந்தபோது மருத்துவர் அழற்சி அடங்கிவிட்டது என்றார். விரிக்கும் மருந்தை நிறுத்தினார். "இனிமே கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சத்துக்குப் பழக்குங்க. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கட்டும். பார்வை எவ்வளவு மிச்சமிருக்குன்னு அப்பத்தான் தெரியும்" என்றார். பரிசோதனை விளக்கில் உனக்கு அதுவரை தெரிந்தது வலியும் பனிமூட்டமும்தான். திரும்பி வரும்போது காரில் தலைவழியே போர்த்தியிருந்த துணியை நீ இன்னும் இறுக்கி இழுத்துக்கொண்டாய்.

மறுநாள் காலை, சன்னல் தாளில் ஓர் ஓரத்தை மட்டும் பிரிக்கலாமா என்று கேட்டேன். நாளைக்கு என்றாய். மறுநாளும் நாளைக்கு என்றாய். பொங்கலுக்குப் பிறகு என்றாய். பொங்கலும் போனது. மருத்துவர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அப்போதுதான் நீ என் வாழ்நாளில் முதல்முறையாகக் கிசுகிசுத்தாய்.

"இருட்டுல இருக்குறவரைக்கும் நான் குருடி இல்லடா."

நீ பயந்து நான் பார்த்ததே இல்லை. பயம் என் துறை. அதில் நீ வந்து உட்கார்ந்தால் நான் எங்கே போவேன்? வற்புறுத்தவும் தைரியமில்லை, விடவும் மனமில்லை. மருத்துவரிடம் கேட்கலாம் என்றேன். சரி என்றாய். கேட்கவில்லை. உன்னை எதிர்த்து ஒரு காரியம் செய்து எனக்குப் பழக்கமில்லை.

சில நாள் கழித்து, ஒரு பிற்பகலில் நீ என்னைக் கூப்பிட்டாய். குரல் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, செவுத்துல என்னமோ ஓடுது."

"பல்லியா?"

"பல்லி சேப்பாவாடா இருக்கும்?"

கண்ணுக்குள் ரத்தம் கசிந்தால் சிவப்பாக ஏதேனும் மிதக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். கதவைச் சாத்திவிட்டு உன் கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே இருந்து வந்த என் கண்ணுக்கு அந்த அறை வெறும் கறுப்பு. "எங்க?" என்றேன். "எதுர செவுத்துல. பேசாம பாரு" என்றாய். பார்த்துக்கொண்டே இருந்தேன். நெடுநேரம் இருட்டிலிருந்த உன் கண்ணுக்கு என் கண் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

அக்கா, தெற்குச் சுவர் முழுவதும் தெரு இருந்தது.

தலைகீழாக இருந்தது. கீழே, நடைபாதைபோல நீல வானம். மேலே, விட்டத்தை ஒட்டி மண்ணும் தாருமாகத் தெரு. நடுவில் ஷமீமாவின் வீடு, தலையைக் கீழே தொங்கவிட்ட மாதிரி. மாடியில் சிவப்புப் புடவை ஒன்று காற்றில் கீழிருந்து மேலே பறந்துகொண்டிருந்தது. ஒரு மஞ்சள் ஆட்டோ சக்கரம் மேலாக வந்து, விட்டத்தின் மூலை வரைக்கும் ஓடி மறைந்தது. எல்லாம் மங்கலாக, குளத்துப் படிக்கட்டில் நின்று தண்ணீருக்குள் பார்ப்பதுபோல. ஆனால் நிறம் இருந்தது. அசைவு இருந்தது. ஓசை மட்டும் சுவரிலிருந்து வராமல் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிச் சன்னலைப் பார்த்தேன். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் மூலையில், பசை தடித்திருந்த இடத்தில், ஒரு புள்ளி வெளிச்சம். துத்தம் இல்லாத பசையைக் கரப்பான் தின்று, மூன்று தாளையும் சேர்த்து ஓட்டை போட்டிருந்தது.

ஊசித்துளைக் கேமராவை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் ஒரு பெட்டி, ஒரு துளை, இந்தப் பக்கம் ஒரு மரம், குறுக்காக இரண்டு கோடு, அந்தப் பக்கம் தலைகீழ் மரம். தேர்வில் கட்டாயம் வரும் படம். அந்தப் பெட்டிக்குள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கண்ணும் இப்படி ஒரு பெட்டிதான், உள்ளே விழும் உலகம் தலைகீழ்தான், அதை நிமிர்த்துவது மூளை என்றும் சொல்லியிருக்கிறேன். சொன்னதையெல்லாம் நானே நம்பாமல் சொல்லியிருக்கிறேன் என்று அன்றைக்குத் தோன்றியது. உன் அறை என்ற பெரிய கண் ஒன்றுக்குள் நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் என் புத்தி எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. நீ நிஜமாகவே இதைப் பார்க்கிறாயா, அல்லது ஏதோ ஒளி அசைவதை மட்டும் உணர்ந்து, நான் ஆச்சரியப்பட்டுச் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்கிறாயா? கேட்கவும் பயம். நீயே கண்டுபிடித்துவிட்டாய்.

"உனுக்கு நம்பிக்கை இல்ல. அப்படித்தான? போடா, தெருவுல போயி நில்லு."

"எதுக்கு?"

"போடான்னா!"

போனேன். கண் கூசும் வெயிலில், ஷமீமா வீட்டு வாசலுக்கு முன்னால், நம் சன்னலைப் பார்த்து நின்றேன். உள்ளிருந்து உன் குரல் வந்தது, தாளையும் கண்ணாடியையும் கடந்து, முழு மைதானத்துக்கும் கேட்கிற மாதிரி.

"அட்டென்ஷன்!"

பள்ளிக்கூடத்தில் டிரில் வகுப்புக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவன் நான். எழுபது வயதில், வேட்டியோடு, கடைக்காரர்களும் போகிறவர் வருகிறவரும் பார்க்க, குதிகாலைச் சேர்த்து நின்றேன்.

"ரெண்டு கையும் பக்கவாட்டுல! மேல! நல்லா மேல!"

மாடியிலிருந்து ஷமீமா எட்டிப் பார்த்தாள். "சார்! என்னா சார் ஆச்சு? யாருக்கு டாட்டா காட்டுறீங்க?"

"அக்காவுக்கும்மா."

"அக்கா உள்ளல்ல இருக்காங்க!"

"அவுங்கதான் பாக்குறாங்க."

அவள் "யா அல்லா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவள் நினைத்ததைப் பிறகு அவளே சொன்னாள். அதற்குள் நீ மறுபடி கத்தினாய்.

"இடது முழங்கை மடங்குதுடா! நேரா நீட்டு! அந்தக் காலத்துலேர்ந்து இதே சோம்பேறித்தனம்!"

நான் என் இடது கையைப் பார்த்தேன். அது நேராகத்தான் இருந்தது. மடங்கியிருந்தது வலது கை.

அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊசித்துளை, மேலைக் கீழாக்குவதோடு நிற்பதில்லை, இடதையும் வலதாக்கிவிடும். சுவரில் இருந்த ஆளுக்கு மடங்கியது இடது கைதான். நீ யூகித்துச் சொல்லவில்லை, நினைவிலிருந்தும் சொல்லவில்லை. பார்த்துத்தான் அந்தத் தப்பைச் சொன்னாய். என் வாழ்க்கையில் நான் கேட்டவற்றில் அதைவிடச் சரியான ஒரு வாக்கியம் கிடையாது.

உள்ளே ஓடிவந்து சொன்னேன். நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாய். பிறகு, "அப்ப வலது முழங்கையா? சரி, அதையும் நீட்டப் பழகு" என்றாய். குரல் உடைந்திருந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நீ அந்தச் சுவரிலேயே தங்கிவிட்டாய். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாய். தயிர்க்காரர் போகிறார், நாய் தூங்குகிறது, ஷமீமா மிளகாய் காயப்போடுகிறாள் என்று வர்ணனை வேறு. சன்னலைத் திறக்கலாமா என்றால், "எனக்கு இது போதும்டா. குத்தல ஒண்ணும். இதுக்கு மேல தெரியலன்னா என்னா பண்றது?" என்றாய். சுவரில் தெரியும் அளவு பார்வை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நேரான பகலில் அது தாங்குமா, கரையுமா என்பதுதான் பாக்கி. அதைத் தெரிந்துகொள்ளத்தான் உனக்கு மனமில்லை.

படம் இன்னும் தெளிவாகத் தெரிய ஓட்டையைப் பெரிதாக்கு என்று நீதான் சொன்னாய். ஒரு பென்சில் முனையால் மெதுவாகச் சுற்றிக் கிழித்தேன். வெளிச்சம் கூடியது. ஷமீமாவின் வீடு கரைந்து, சிவப்புப் புடவை ஒரு கறையாகப் பரவியது.

"என்னாடா, கெடுத்துட்ட?"

"நான் கெடுக்கலக்கா. அது அப்படித்தான். வெளிச்சம் ஜாஸ்தி ஆவ ஆவ சுவத்துல படம் நிக்காது. ஒரு துணி வச்சி ஓட்டைய அடச்சிடட்டுமா?"

நீ அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாய். தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் யார் என்று சுவரில் தெரியவில்லை.

"வேணாம். அப்ப வெளியதான் போயி பாக்கணும்" என்றாய். எழுந்து, கறுப்புக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டாய். "நட."

வாசல் கதவை நான்தான் திறந்தேன்.

நீ படியில் நின்றாய். உன் கண்ணாடிக்குக் கீழே கன்னமெல்லாம் நீர் வழிந்தது. "என்னாக்கா தெரியுது?" என்றேன். "வெள்ள" என்றாய். "வெறும் வெள்ளடா. ஒண்ணுமில்ல." உன் விரல்கள் என் தோளில் இறுகின. எனக்குத் தாங்கவில்லை. எல்லாம் போய்விட்டது, நான்தான் அவசரப்படுத்திவிட்டேன் என்று கதவைச் சாத்தப் போனேன். நீ காலை நீட்டிக் கதவை மறித்தாய்.

"சாத்தாத."

"கண்ணுக்கு ஏதாவது..."

"சாத்தாதடா. இருக்கட்டும்."

நின்றோம். அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் உன் கண்ணுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதைப் பாடமாக எனக்குச் சொல்லத் தெரியும். இருட்டில் பழகிய கண், துளி வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கத் தன்னைக் கூர்மையாக்கி வைத்திருக்கிறது. பகல் பட்டதும் அது திணறிப்போய், எல்லாவற்றையும் வெள்ளை என்றே சொல்கிறது. பிறகு யாரும் சொல்லாமல், யாரும் தொடாமல், தன் கூர்மையைத் தானே இறக்கிக்கொள்கிறது. பாவை சுருங்குகிறது. உள்ளே மங்கல் வெளிச்சத்துக்கென்று இருக்கும் செல்கள் ஒதுங்கி, நிறத்துக்கென்று இருப்பவை பொறுப்பேற்கின்றன. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். வெந்து, ஆறி, மாதக்கணக்கில் கறுப்புத்தாளுக்குள் கிடந்த ஒரு சதைத்துண்டு இந்த வேலையை இன்னும் மறக்கவில்லை என்பதை எப்படி விளக்குவது? நான் படித்த எதிலும் அதற்கு விடை இல்லை. அதன் பக்கத்தில் நான் நின்றிருந்தேன் என்பது மட்டும் உண்மை.

"ஒரு கோடு" என்றாய் நீ.

நிமிர்ந்து பார்த்தேன். கரண்டுக் கம்பி.

"ரெண்டு கோடு. அதுல ஒரு காக்கா." பிறகு, "சேப்பு." பிறகு நீளமாக மூச்சை விட்டாய். "அடியே ஷமீமா, என்னாடி இவ்ளோ எளைச்சிட்ட?"

ஷமீமா மாடியிலிருந்து படிக்கட்டில் இறங்கி ஓடிவந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் எங்கக்கா எளைச்சேன், ரெண்டு கிலோ ஏறியிருக்கேன்" என்று அழுதுகொண்டே சொன்னாள். நீ அவளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தலையிலிருந்து கால்வரை பார்த்தாய். "ஆமா. தலைகீழா பாத்தப்ப எளச்ச மாரி இருந்துச்சு."

அந்த ஆண்டு ஆடிக்கு நீ சிதம்பரத்துக்கு வந்தாய். எழுத்துப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருந்தது. மற்றபடி நீ பழைய நீதான். உச்சி வேளையில் கோயிலுக்குப் போனோம். உள்ளே எண்ணெய் வாசனையும் ஈரக்கல்லும் இருட்டுமாக இருந்த மண்டபத்தில் சுற்றிவிட்டு, வெளிப் பிராகாரத்துக்கு வந்தோம். ஆடி வெயில் கல்லில் பட்டு எழுந்து அடித்தது. கூட்டம் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, சூடு தாங்காமல் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடியது. நானும் கண்ணை மூடிக்கொண்டு ஓடத்தான் பார்த்தேன். நீ நிழல் முடிகிற இடத்தில் அப்படியே நின்றாய். கண்ணைத் திறந்தே வைத்திருந்தாய்.

"வாக்கா, கூசுது" என்றேன்.

"கூசட்டுமே. இப்ப பாரு, ஒண்ணுமே இருக்காது. எல்லாம் அங்கதான் இருக்கு. நம்ம கண்ணுதான் இன்னும் வந்து சேரல."

உன்னோடு நின்றேன். வெள்ளை. அதற்குள்ளிருந்து முதலில் கோபுரத்தின் விளிம்பு வந்தது, பிறகு குளத்துப் படிகள், பிறகு மனிதர்கள், ஒவ்வொருவராக. என் ஊர்க் கோயில். எத்தனையோ முறை அதே வாசலில் அதே வெயிலுக்குள் போயிருக்கிறேன். அது வருவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அதன்பின் நீ நிறைய வெயில் பார்த்தாய். இரண்டு வருடம் முன்பு ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டாய். ஷமீமாதான் அதற்கும் போன் செய்தாள். நான் பேருந்து பிடித்து வந்து சேர்ந்தபோது யாரோ உன் அறையின் வடக்குச் சன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்றவர்களைக் கேட்காமலேயே அதைத் திறந்துவிட்டேன். அப்படி யாருடைய அனுமதியும் இல்லாமல் நான் ஒன்று செய்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இப்போதும் நான் தைரியசாலி ஆகிவிடவில்லை. பசை காய்ச்சினால் துத்தம் போடலாமா வேண்டாமா என்று இன்றும் யோசிப்பேன். ஒரே ஒரு மாற்றம்தான். வங்கியோ, மருந்துக்கடையோ, கோயிலோ, எந்த இருட்டிலிருந்து வெளியே வந்தாலும் வாசலில் நின்றுவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள், "பெரியவரே, வழிய வுடுங்க" என்கிறார்கள். ஓரமாக ஒதுங்கி, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்த வெள்ளையில் எதிரே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யார் வேண்டுமானாலும் இருக்கலாம். நீகூட இருக்கலாம்.

பிறகு ஒவ்வொன்றாக வந்துவிடுகிறது. நீ அதில் இருப்பதில்லை. ஆனாலும் அந்தச் சில நொடிகளை நான் ஒருபோதும் அவசரப்படுத்துவதில்லை, அக்கா.